பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

முத்துமாரி கொஞ்சம் பயந்தால் நிறையப் பேசுவாள். நிஜமாகவே பயந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அன்றைக்கு என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றவள் ஒன்றும் பேசவில்லை. நான் ஒரு ரவிக்கைக்குக் கழுத்துப்பட்டி தைத்து முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். ஹெட்போன் அவள் கழுத்தில் கிடந்தது. அதன் வயர் எதிலும் மாட்டாமல் தரையோடு இழுபட்டு வந்திருந்தது.

“மறுபடியும் கம்ப்யூட்டர் அணைஞ்சிட்டா?” என்றேன்.

தலையை ஆட்டினாள்.

“ஆள் லைன்ல இருக்கும்போதா?”

அதற்கும் தலையை ஆட்டினாள். நான் மிஷினை விட்டு எழுந்துவிட்டேன். ரவிக்கைக்காரி வந்து கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பில்டிங்கில் அவள் வீடும் என் வீடும் எதிரெதிர். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்குப் பாதை. அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்து நான் என் வீட்டு அடுப்பை அணைத்ததுண்டு. முத்துமாரியை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவள் புருஷன் இசக்கிராஜுக்குத் தெரியாது என்பது என் எண்ணம். அதை அவனிடமே சொல்லியும் இருக்கிறேன். அவன் டெம்போ ஓட்டுகிறவன், ஹாரன் அடிப்பதோடு சரி, பதில் சொல்கிற வழக்கமில்லை.

முத்துமாரி இங்கேயே பிறந்தவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது முடித்த கையோடு, இங்கே கார்கானா என்று சொல்கிற துணிப் பட்டறைக்கு நூல் வெட்டப் போனாள். தைத்து வருகிற சட்டையில் தொங்கும் பிசிறு நூல்களைச் சின்னக் கத்திரியால் வெட்டி உதற வேண்டும். வருஷக்கணக்காக அதே வேலை. இடையில் ஒரு பெருமை மட்டும் சேர்ந்தது. திருப்பூரிலிருந்து போன் வந்தால் முதலாளி சேட்டுக்குத் தமிழ் தெரியாது, போனை இவளிடம் நீட்டிவிடுவார். அந்தப் பக்கம் எவ்வளவு சூடாகப் பேசினாலும் இவள் குரல் ஏறாது. “அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நியாயந்தான், நான் பாத்துச் சொல்லுதேன்” என்று சொல்லியே பாதிச் சண்டையை அணைத்துவிடுவாள்.

உதறிய நூல் எங்கே போகும்? மூக்கு வழியாக அவள் நெஞ்சுக்குள்தான் போனது. முதலில் இருமல் வந்தது, அப்புறம் இழுப்பு வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனி அந்தப் பட்டறையின் வாசல்படியைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “வீட்ல கெட, நான் பாத்துக்கிடுதேன்” என்றான் இசக்கிராஜ். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் சடை போட்ட வயதிலிருந்து வேலைக்குப் போன பெண்ணை வீட்டில் கிட என்றால் எப்படிக் கிடப்பாள்? தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள். ஒருநாள் என் வீட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வசதிதான், இருந்தாலும் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போதுதான் இந்த வேலை வந்தது. மிக்ஸி, குக்கர் விற்கிற ஒரு கம்பெனிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் புகார் போன்களை வீட்டிலிருந்தே எடுக்க வேண்டும். அவள் மகன் முகேஷ் படிக்கிற காலத்தில் பழசாக வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அவன் புனேவுக்கு வேலைக்குப் போன பிறகு அது மூலையில் துணி போர்த்தி இருந்தது. குரலைக் கேட்டதுமே கம்பெனியில் சரி என்றுவிட்டார்கள். முதலில் பயிற்சி, அதன் பிறகு சோதனைக் காலம், அதிலும் தேறினால் நிரந்தரம்.

இசக்கிராஜ் முணுமுணுத்தான். “வீட்டுக்குள்ள ஒத்தையில ஒக்காந்து ஊராங்கிட்டப் பேசுததெல்லாம் ஒரு வேலையா?”

அப்படிச் சொன்ன மனுஷன் ஆயுத பூஜையன்று என்ன செய்தான் தெரியுமா? வருஷா வருஷம் டெம்போ சாவி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்காரும். அந்த வருஷம் அவன் முதலில் மூலைக்குப் போனான். கம்ப்யூட்டர் பெட்டியின் துணியை எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தான். செவ்வந்திச் சரத்தைச் சுற்றினான். பொரியும் கடலையும் வெல்லமும் குவித்த தட்டைப் பெட்டியின் தலையிலேயே வைத்துக் கற்பூரம் காட்டினான். அதற்கப்புறம்தான் டெம்போ சாவிக்கு.

முத்துமாரி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அம்புட்டு வருஷம் கத்திரி பிடிச்சிருக்கேன்க்கா. அந்தக் கத்திரிக்கு ஒரு பொட்டு வைக்கணும்னு எனக்கே தோணல. அவிய வச்சிருக்காவ பாருங்க.”

நான் தட்டைப் பார்த்தேன். உடனே, “பொரிய எடு, நமத்துப் போவும்” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

பயிற்சி முடிந்து சோதனைக் காலம் தொடங்கியது. முதலில் எல்லாம் நன்றாகவே போனது. தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது, தரையில் இருந்த பெட்டியைத் தூக்கி ஒரு ஸ்டூல் மேல் வைத்தார்கள். அந்த வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. முதலில் குரல் உடைந்து உடைந்து வரும். அப்புறம் திரையில் அம்புக்குறி நகராது. திடீரென்று ஒட்டுமொத்தமாக அணைந்துவிடும். அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர், இவள் வேண்டுமென்றே போனை வைத்துவிட்டதாக நினைத்து மறுபடி கூப்பிட்டு வேறொரு ஆளிடம் திட்டுவார். அந்தத் திட்டு இவள் பெயரில் பதிவாகும்.

முதலில் கரண்ட் மேல் சந்தேகப்பட்டோம். பிளக் போர்டை மாற்றியும் அணைந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் இட்லிக் கொப்பரை மூடி மாதிரிச் சுட்டது. பின்பக்கம் கையை வைத்தால் காற்றும் வந்துகொண்டிருந்தது, சத்தமும் கேட்டது. ஆகவே ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சுடுகிறது என்று முடிவு கட்டினோம். ஊரில் ஐப்பசி என்றால் மழை, பம்பாயில் கொளுத்துகிற வெயில். மனுஷனே வெந்துபோகிறான், பெட்டி வேகாதா என்று நான்தான் பெரிய மேதை மாதிரிச் சொன்னேன்.

டேபிள் ஃபேனைப் பெட்டிக்கு நேராக வைத்தாள். கொஞ்சம் தாங்கியது. ஆனால் அந்த இரைச்சல் மைக்கில் ஏறியது. சோதனைக் காலத்தை மேற்பார்க்கிற நகுல் அன்றே கூப்பிட்டான். பம்பாயிலேயே முலுண்டில் வளர்ந்த தமிழ்ப் பையன், தமிழ் பேசுவான், வாசிக்க வராது.

“மேடம், பின்னாடி என்ன ஹெலிகாப்டர் போகுதா? கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. நோ சவுண்ட், ப்ளீஸ்.”

ஃபேனை நிறுத்தினாள். இசக்கிராஜ் ஈரத்துண்டைப் பிழிந்து பெட்டி மேல் போடப் போனான். முத்துமாரி பாய்ந்து தடுத்தாள். “மேல பூரா ஓட்டை ஓட்டையா ஜாலி இருக்கு. தண்ணி உள்ள எறங்குனா எல்லாம் போச்சு.” அவன் துண்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். கண்ணேறாக இருக்கும், சாம்பிராணி போடட்டுமா என்றான். அந்தப் புகை அவளுக்கு ஆகாது என்று நான் சத்தம் போட்டு அவனை வெளியே அனுப்பினேன்.

பக்கவாட்டு மூடியைத் திறந்து உள்ளே பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. திறக்கிற பக்கம் சுவரை ஒட்டி இருந்தது. வயர்கள் குட்டை, திருப்பி வைக்க இடமில்லை. அதோடு கரண்ட் சாமானைப் பிரிப்பது என்றால் எங்கள் மூன்று பேருக்குமே பயம்.

கடைசியில் தாராவியிலேயே லேபர் கேம்ப் பக்கம் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற ஜமாலிடம், ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், நானும் தொற்றிக்கொண்டேன். அவன் கடையில் இப்படிப் பத்துப் பெட்டிகள் வயிற்றைத் திறந்துகொண்டு மேஜையில் படுத்துக் கிடக்கும். இதையும் படுக்க வைத்து மூடியைக் கழற்றினான். பிரஷ்ஷால் தூசி தட்டினான். ஓட விட்டான். நடுவில் ஒரு சின்ன ஃபேன் ஜோராகச் சுற்றியது. அதற்கு அடியில் இருக்கும் ப்ராசஸர்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, அது சூடாகாமல் பார்த்துக்கொள்கிற ஃபேன் அது என்றான். அரை நாள் ஓடியும் அணையவில்லை.

“ஏக்தம் டீக், எல்லாம் சரியா இருக்குக்கா. நாப்பத்தஞ்சு டிகிரிதான் காட்டுது. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

போகிற போக்கில், திரையின் ஓரத்தில் அந்தச் சூட்டின் எண் எப்போதும் தெரிகிற மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். எண்பது வரை பயப்பட வேண்டாம், தொண்ணூறைத் தாண்டினால் ஆபத்து, நூறை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும் என்று சொல்லி அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து ஸ்டூலில் நிறுத்தி மாட்டினார்கள். மறுநாள் வேலை ஆரம்பித்துச் சற்று நேரத்தில் எண் தொண்ணூறைத் தாண்டி, பெட்டி அணைந்தது.

இதுதான் முத்துமாரியை உடைத்துப்போட்டது. கடையில் நன்றாக ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. அப்படியானால் கோளாறு வீட்டில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வேறு கம்ப்யூட்டர் இரவல் வாங்கவும் வழியில்லை. கம்பெனியின் மென்பொருளை அந்த ஒரு பெட்டியில்தான் பதிந்திருந்தார்கள். “விட்டுருளா” என்றான் இசக்கிராஜ். “ஒனக்கு ஒடம்பு சொகமில்ல. இந்த டென்ஷன் வேற எதுக்கு?” அவள் பதிலே சொல்லவில்லை. நான் சொன்னேனே, நிஜமாகப் பயந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாள்.

இப்படியாக வந்து சேர்ந்ததுதான் அந்த நாள், சோதனைக் காலத்தின் கடைசி நாள். காலையிலேயே ஒரு போன் பாதியில் அறுந்துவிட்டது. நான் அவள் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போனேன். மொபைலில் நகுல் காத்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், நான் உங்களுக்காக ரொம்பப் பேசிட்டேன். உங்க வாய்ஸ் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனா இன்னும் ஒரு கால் கட் ஆச்சுன்னா உங்க லாகின் ஐடி தானா பந்த் ஆயிடும், க்ளோஸ். என் கையில ஒண்ணும் இல்ல.”

“இன்னைக்கி லீவு எடுத்துக்கிடலாமா சார்?”

“ட்ரையல்ல பாதி ஷிப்ட் விட்டாலும் ஃபெயில்தான் மேடம்.”

போனை வைத்தாள். கணினி ஆறட்டும் என்று காத்திருந்தோம். அவள் தரையில் உட்கார்ந்து, இழுப்புக்கு மருந்து உறிஞ்சுகிற குப்பியை வாயில் வைத்து ஒரு தடவை இழுத்தாள். பிறகு அதைப் பார்த்தபடியே சொன்னாள்: “இது போயிட்டுன்னா எனக்கு வேற எங்கயும் எடமில்லக்கா. பட்டறைக்குப் போனா நெஞ்சு போவும். சும்ம கெடந்தா நான் போயிருவேன்.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியை ஒரு உதை விடலாம் போல இருந்தது. அதில் இன்னும் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்துக் காலை அடக்கிக்கொண்டேன்.

“நீ பேசு. நான் விசிறுதேன்” என்றேன். டேபிள் ஃபேன் சத்தம் போடும், என் கை சத்தம் போடாது. சுவரில் தொங்கிய நாள்காட்டியின் அட்டையைக் கழற்றிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஒரே ஒரு நிபந்தனை: நான் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் பதிவாகிறது. அறையில் இன்னொருவர் குரல் கேட்டால் அதற்கும் ஐடி போய்விடும். என்னை வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்வதற்குப் பதிலாக நீயே பெட்டிக்குள் போய்ச் சுற்று என்று சொல்லியிருந்தால் சுலபமாகச் செய்திருப்பேன்.

விசிறினேன். கை மாற்றி மாற்றி விசிறினேன். போன்கள் வந்தன. குக்கர் கைப்பிடி உடைந்த ஒருவர், கேஸ்கெட் கிடைக்காத ஒருவர். எண் எழுபதில் இருந்தது, எழுபத்தெட்டுக்குப் போனது, கொஞ்சம் இறங்கியது, எண்பத்திரண்டுக்கு ஏறியது. மதிய வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. முத்துமாரியின் ஒரு கண் திரையின் ஓரத்திலேயே இருந்தது. குரலில் மட்டும் ஒரு சலனமும் இல்லை. திருப்பூர்க்காரர்களுக்குப் பழகிய அதே குரல்.

அடுத்த போன் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா. பெயர் முப்பிடாதியம்மாள். பேசுகிறது எனக்கே வெளியில் கேட்டது, அவ்வளவு உரத்த குரல்.

“மிக்ஸி ஓட மாட்டேங்கு தாயி. ‘ங்ங்’ன்னு மொனங்குது, சுத்த மாட்டேங்கு. வாங்கி ஒரு வருசங்கூட ஆவல.”

“செரிம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க. மொத சுவிட்ச அணைச்சிருங்க. ஜாரு மட்டும் தனியா எடுங்க. கவுத்துப் போட்டு, அடியில ரெண்டு தட்டுத் தட்டுங்க. பிளேடுக்கு அடியில எதும் மாட்டியிருக்கும்.”

“இரு தாயி, பால் பொங்குது. அடுப்ப அமத்திட்டு வந்து செய்யுதேன். வச்சிராத.”

ரிசீவரை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. அவ்வளவுதான், ஆள் இல்லை. நம் பக்கத்திலிருந்து போனை வைக்கக் கூடாது என்பது விதி. எண் எண்பத்தொன்பது.

நான் வேகமாக விசிறினேன். தொண்ணூறு. தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. தொண்ணூற்றொன்று. அந்த அம்மா வரவில்லை. அம்புக்குறி திக்கித் திக்கி நகர ஆரம்பித்தது. இதுதான் அணைவதற்கு முன்னால் வருகிற அறிகுறி. தொண்ணூற்றிரண்டு. போன வீட்டில் பால் பொங்குகிறதா பசுவையே கறக்கிறார்களா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

முத்துமாரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு மட்டும் தான் சற்று முன் சொன்னதையே மறுபடி சொல்கிற மாதிரி அசைந்தது. கவுத்துப் போட்டு. அவள் தலை மெல்லத் திரும்பியது. ஸ்டூலில் நிமிர்ந்து நின்ற பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தி, அப்படியே பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாள்.

எனக்குப் புரியவில்லை. களைத்துவிட்டாய், போய்ப் படு என்கிறாளாக்கும் என்று நினைத்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் கண்ணில் வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பெட்டியைச் சுட்டினாள். மறுபடி கையைச் சாய்த்தாள்.

ஜமால் கடை மேஜையில் எல்லாப் பெட்டியும் படுத்துக் கிடந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடையில் இது படுத்துக்கொண்டு ஓடியது. வீட்டில் நின்றுகொண்டு அணைகிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

அட்டையைப் போட்டுவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன். சூடு உள்ளங்கையைப் பிடுங்கியது. ஓடிக்கொண்டிருக்கிற சாமான், குலுங்கினால் அதுவே காரணமாக அணைந்துவிடலாம். பின்னால் கரண்ட் வயர் விறைத்துக்கொண்டு நின்றது, இன்னும் ஒரு விரற்கடை இழுத்தால் கழன்றுவிடும். முத்துமாரி எட்டி அந்த வயரின் தலையைப் பிளக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எண் தொண்ணூற்றைந்து. நான் முழங்காலை ஸ்டூலுக்கு முட்டுக் கொடுத்து, தூங்குகிற கைக்குழந்தையைக் கிடத்துகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். பாதிப் பெட்டி ஸ்டூலில், மீதி என் தொடையில்.

உள்ளே ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு, இத்தனை நாள் நாங்கள் கேட்டே இராத ஒரு சீரான ரீங்காரம்.

தொண்ணூற்றேழு. இருவரும் மூச்சு விடவில்லை. தொண்ணூற்றேழு. அப்படியே நின்றது. அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. இருமல் வந்துவிட்டால்? ஒரு கை வயரில் இருந்தது, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்ணூற்று நாலு. எண்பத்தெட்டு. அதற்கப்புறம் படியிறங்குகிற மாதிரி இறங்கியது.

“ஏ தாயி, இருக்கியா? வச்சிட்டியா?” என்று அந்த அம்மா குரல் வந்தது.

முத்துமாரி வாயிலிருந்து கையை எடுத்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை. “இருக்கேம்மா. நீங்க சொல்லுங்க.”

அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. “ஒரு மொளவு விழுந்திருக்கு தாயி. ஒத்த மொளவு. இம்புட்டுக்காணு இருந்துக்கிட்டு என்ன வித்த காட்டிட்டுன்னு பாரேன்.” மிக்ஸி ஓடுகிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி, “நல்லா இருப்ப” என்று வாழ்த்தினார். என் தொடை மரத்துப்போயிருந்தது. வேலை முடிகிறவரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எண் ஐம்பதைத் தாண்டவில்லை.

சாயங்காலம் நகுல் கூப்பிட்டான். “கன்ஃபர்ம் மேடம். வெல்கம்.” அவள் “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். அது அவள் சொல்லி அணைந்தது அந்த வாரத்திலேயே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

என் தையல் மிஷின் திருப்புளியால் மூடியைக் கழற்றினோம். கரண்டைப் பிடுங்கி மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான். டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்தச் சின்ன ஃபேனுக்கு அடியில், சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியத் தகடுகளின் நடுவே ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. கொண்டை ஊசியால் நெம்பினாள். உள்ளங்கையில் வந்து விழுந்தது ஒரு பொரிகடலை.

ஒற்றைக் கடலை. வறுத்த நிறம் போய்க் கருத்திருந்தது, ஒரு பக்கம் ஃபேன் உரசித் தேய்ந்திருந்தது. பெட்டி நின்றால் அது உருண்டுபோய் ஃபேனின் இறக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். படுக்க வைத்தால் அடியில் தகட்டுக்குள் இறங்கி வழிவிட்டுவிடும். தரையில் இருந்தவரை எங்கோ ஒதுங்கிக் கிடந்தது, தீபாவளிக்குப் பெட்டியைத் தூக்கியபோதுதான் அங்கே உருண்டு வந்திருக்கிறது. பின்னால் நாங்கள் கேட்ட சத்தமும் காற்றும், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற டப்பாவில் இருந்த வேறொரு ஃபேனுடையது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தனை நேரம் அடக்கி வைத்த வாய். “ஏட்டி மாரி, ஒன் புருசன் வச்ச படையல கம்ப்யூட்டர் நெசமாவே தின்னுருக்குட்டி. இன்னைக்கி வரட்டும் அவன்.”

அவள் சிரிக்கவில்லை. கடலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவியகிட்டச் சொல்லாண்டாம்க்கா.”

“எதுக்குட்டி?”

“என் வேல நெலைக்கணும்னு வச்சது. அதுதான் கெடுத்துதுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாவ. இனிமே எந்தப் பூசையிலயும் எஞ்சாமானப் பக்கத்துலயே வைக்க மாட்டாவ.”

நான் மூடியைத் திரும்ப மாட்டினேன். இசக்கிராஜ் வந்தான். நிரந்தரமாகிவிட்டது என்று அவள் சொன்னதும் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தை நிதானமாகத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

“என்ன கோளாறாம்?” என்றான்.

“தூசிதான்” என்றாள்.

“ஜமால் பய சரியாத் தட்டல போல.”

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அந்தக் கடலையை அவள் குப்பையில் போடவில்லை. சாமிக்குப் படைத்தது, குப்பையில் போட மனசு வரவில்லை என்று சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமச் சிமிழுக்குள் போட்டு வைத்தாள். எனக்கு மட்டும் காட்டினாள். பிறகு அதை நான் மறந்தே போனேன். அவள் வேலை ஓடியது. இழுப்புக் குறைந்தது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கமெல்லாம் அவள் குரலுக்கு ஆள் சேர்ந்தது. மறுபடி என் வீட்டுப் பாத்திரத்தை நானே தேய்க்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆயுத பூஜைக்கு இசக்கிராஜ் என்னையும் கூப்பிட்டான். “மதினி, நீங்களும் வாங்க.” போனேன். போன தடவை மாதிரியே முதலில் மூலைக்குப் போனான். பெட்டியைத் துடைத்தான். சந்தனம் வைத்தான். சரத்தைச் சுற்றினான். பொரியும் கடலையும் குவித்த தட்டைக் கையில் எடுத்தான். முத்துமாரியின் முகம் மாறுவதைப் பார்த்தேன். தடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

அதற்குள் அவன் குனிந்து, தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து, பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளித் தட்டை வைத்தான். ஓரத்தில் சிதறியிருந்த இரண்டு கடலையைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

முத்துமாரி சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் சொல்லவே இல்லை என்று தலையை ஆட்டினேன். சாமி சத்தியமாக நான் சொல்லவில்லை.

அவன் சந்தனத்துக்கு மேல் வைக்கக் குங்குமச் சிமிழைத் திறந்தான். தினமும் காலையில் டெம்போ எடுக்கப் போகும் முன் அந்தச் சிமிழிலிருந்துதான் அவன் நெற்றிக்கு எடுக்கிறான். குங்குமத்தின் நடுவில் அந்தக் கடலை சிவந்துபோய்க் கிடந்தது. மோதிர விரலால் அதை மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கி, குங்குமத்தை மட்டும் தொட்டெடுத்துப் பெட்டிக்கு வைத்தான். பழகிய கை. பிறகு சிமிழை மூடி, கற்பூரத்தை ஏற்றினான்.

“ரெண்டு பேரும் என்ன முழிச்சிட்டு நிக்கிய? கும்பிடுங்க” என்றான்.

கும்பிட்டோம்.